தூண்டியவரும் செய்தவரும்: ‘இண்டியூஸ்’ என்ற ஒரு வினைச்சொல்

(மொழிபெயர்ப்பாளர்களும் சட்ட மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருவனை ‘ஃபோர் ட்வெண்டி’ என்று திட்டுவதற்கு நம் ஊரில் யாரும் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவன் முதல் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராதவன் வரை எல்லோருக்கும் அந்தப் பட்டம் உண்டு. 1955இல் ராஜ் கபூர் ‘ஸ்ரீ 420’ என்று படத்துக்கே பெயர் வைத்தார்; நாடு முழுக்க ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அது இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது; பழைய 420 இப்போது 318ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. ஆனாலும் ‘அவன் ஒரு த்ரீ எய்ட்டீன்’ என்று யாரும் திட்டக் காணோம். வசவு ஊறுவதற்கும் கொஞ்ச காலம் ஆகும் போலிருக்கிறது.

எண்ணை எல்லோருக்கும் தெரியும். எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் வினைச்சொல்லைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவரை ஏமாற்றி, அதன் மூலம் அவர் தம் சொத்தை ஒப்படைக்கும்படி நேர்மையின்றி ‘இண்டியூஸ்’ செய்வது என்பதுதான் அந்தப் பிரிவின் சாரம். பறித்தல், திருடுதல் என்றெல்லாம் அங்கே இல்லை. பணத்தை எடுத்துக் கொடுத்தது ஏமாந்தவரின் கைதான். அவராகவே வங்கிக்குப் போனார், அவராகவே சீட்டு எழுதினார், அவராகவே எண்ணிக் கொடுத்தார். இருந்தும் சட்டம் ஜெயிலுக்கு அனுப்புவது வாங்கியவனை. எப்படி? அந்த ஒரு வினைச்சொல்லின் பலத்தில்.

இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டமா என்று கேட்கலாம். இந்தச் சொல் நீதிமன்றத்தில் மட்டும் இல்லை. பிரசவ வார்டில் இருக்கிறது, சமையலறையில் இருக்கிறது, தேர்தல் சட்டத்தில் இருக்கிறது, பூச்சிமருந்து டப்பாவின் லேபிளில் இருக்கிறது. போன இடத்திலெல்லாம் ஒரே வழக்கைத்தான் கொண்டுவருகிறது: செயல் ஒருவருடையது, காரணம் இன்னொருவருடையது என்றால், கணக்கை யார் பேரில் எழுதுவது?

பிறப்பும் குடும்பமும்

இது லத்தீன் வீட்டுப் பிள்ளை. ‘இன்’ என்றால் உள்ளே. ‘டூகெரெ’ என்றால் நடத்திச் செல். இரண்டும் சேர்ந்து ‘உள்ளே நடத்திச் செல்’. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. கூடப் பிறந்தவர்கள் நிறைய. புரொட்யூஸ், ரெட்யூஸ், இன்ட்ரொட்யூஸ் எல்லாம் ஒரே வயிறு. ‘செட்யூஸ்’ என்றொரு சகோதரியும் உண்டு. அது வழியிலிருந்து விலக்கி நடத்திச் செல்வது. படைக்கு முன்னே நடந்த ‘டூக்ஸ்’ தான் பிற்காலத்தில் ‘டியூக்’ ஆனார்.

பெயர்ச்சொல்லாகும்போது இந்த வினை இரண்டாகப் பிரிகிறது. மனிதரை ஒரு காரியத்துக்கு இழுக்கக் காட்டப்படுவது ‘இண்டியூஸ்மெண்ட்’. இயற்கையில் ஒன்றை வரவழைப்பது ‘இண்டக்ஷன்’. பிரசவத்துக்கும் மின்சாரத்துக்கும் இண்டக்ஷன். லஞ்சத்துக்கும் சலுகைக்கும் இண்டியூஸ்மெண்ட். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆங்கிலேயர் சிரிப்பார். புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நடத்தும் இண்டக்ஷன் நிகழ்ச்சியை ‘இண்டியூஸ்மெண்ட் புரோகிராம்’ என்று அச்சடித்தால், சேர்வதற்கு என்ன கொடுத்தீர்கள் என்று பெற்றோர் கேட்க நேரும்.

ஒரு கையெழுத்து, ஐந்து வினைகள்

இலக்கணத்தை ஒரே ஓர் உதாரணத்தில் பார்த்துவிடலாம். அண்ணன் தம்பி இருவர். பூர்வீகச் சொத்தில் தம்பி தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பின்னாளில் வழக்கு வருகிறது. அண்ணன் கூண்டில் நின்று ஆங்கிலத்தில் சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வினையைப் போடுகிறார் என்பதில் வழக்கே தலைகீழாகும்.

‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் தம்பிக்கு வேறு வழி இருக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம், வேலை முடிந்தது. ‘ஐ ஹேட் ஹிம் சைன்’ என்றால் அது வழக்கமான நடைமுறை. சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் கையெழுத்து வாங்குவதைப் போல. ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் இழுத்தடித்தான், அலைந்து திரிந்து ஒருவழியாக வாங்கினேன் என்ற அலுப்பு தெரியும். ‘ஐ பெர்சுவேடட் ஹிம் டு சைன்’ என்றால் உட்கார வைத்து எடுத்துச் சொன்னேன், காரணம் காட்டினேன், அவனும் யோசித்துப் போட்டான்.

ஐந்தாவது: ‘ஐ இண்டியூஸ்ட் ஹிம் டு சைன்’. இதைச் சொன்ன மறுகணம் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். எதைக் காட்டி? என்ன சொல்லி? என்ன தருவதாக? இந்த வினை அந்தக் கேள்விகளைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. அடித்தார் என்று இல்லை, மிரட்டினார் என்றும் இல்லை. ஆனால் தம்பியின் மனத்துக்கும் பேனாவுக்கும் நடுவில் அண்ணன் எதையோ வைத்திருக்கிறார். அது நியாயமான விலையாகவும் இருக்கலாம், பச்சைப் பொய்யாகவும் இருக்கலாம். வினைச்சொல் அதைத் தீர்மானிப்பதில்லை; விசாரிக்கச் சொல்கிறது.

வாக்கிய அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இண்டியூஸுக்குப் பின் ஆள், ஆளுக்குப் பின் ‘டு’, பிறகு செயல். ‘இண்டியூஸ்ட் ஹிம் சைன்’ என்பது பிழை. ‘மேட்’, ‘ஹேட்’ இரண்டும் ‘டு’ இல்லாமல் வரும். ‘மேட்’ செயப்பாட்டுவினையானால் ‘வாஸ் மேட் டு சைன்’ என்று ‘டு’ திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ‘கன்வின்ஸ்’ பழைய ஆசிரியர்களின் கண்டிப்பில் ‘தட்’ அல்லது ‘ஆஃப்’ உடன் மட்டும் வர வேண்டியது. மனம் ஏற்றுக்கொண்டதைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது, கை என்ன செய்தது என்பது அதன் பொறுப்பில்லை. இன்று அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இண்டியூஸ் வெற்றியில்தான் முடியும். ‘ஐ இண்டியூஸ்ட் ஹிம் டு சைன்’ என்று சொல்லிவிட்டு, ‘ஆனால் அவன் கையெழுத்துப் போடவில்லை’ என்று சேர்க்க முடியாது. பெர்சுவேடும் அப்படியே. முயற்சி பலிக்கவில்லையென்றால் ‘ட்ரைட் டு’ என்று முன்னால் போட்டே ஆக வேண்டும். இதே வினை எதிர்மறையில் வரும்போது வேறொரு வீறாப்பு வந்துவிடும்: ‘நத்திங் வுட் இண்டியூஸ் மீ டு கோ’. எதைக் கொட்டிக் கொடுத்தாலும் போக மாட்டேன் என்று அர்த்தம். எந்தத் தூண்டிலும் என்னிடம் பலிக்காது என்று முன்கூட்டியே அறிவிப்பது.

அடுப்பு சொல்லும் பாடம்

இந்தச் சொல்லின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நல்ல இடம் சமையலறை. இண்டக்ஷன் ஸ்டவ் இன்று பல வீடுகளில் இருக்கிறது. கேஸ் அடுப்பு தன் சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. இண்டக்ஷன் அடுப்பில் கொடுக்கச் சூடே கிடையாது. கண்ணாடித் தட்டின் கீழே ஒரு செம்புச் சுருள். அதில் நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் திசை மாறி ஓடும் மின்னோட்டம். அதனால் உண்டாகும் காந்தப்புலம் மேலே வைத்த பாத்திரத்தின் அடிப்பாகத்துக்குள் மின்சாரத்தைச் சுழல வைக்கிறது. அந்தச் சுழலில் பாத்திரம் தானே சூடாகிறது. தட்டுக்குச் சூடு வருவதுகூடப் பாத்திரத்திலிருந்து திரும்பி வருவதுதான். சாதாரண அலுமினியக் குண்டானை வைத்துப் பாருங்கள், அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருவது தூண்டல், வேகிற சூடு பாத்திரத்தின் சொந்தம்.

இதற்கு மூலம் 1831 ஆகஸ்ட் 29. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு பக்கம் பேட்டரி. மறுபக்கக் கம்பியை மூன்றடி தள்ளி ஒரு காந்த ஊசிக்கு மேலாகக் கொண்டுபோனார். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. பேட்டரியை இணைத்தபோது ஊசி ஆடியது, ஆடி அடங்கியது. மின்னோட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த வரையில் ஊசி அசையவே இல்லை. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் ஆடியது. இரண்டாவது கம்பியில் மின்சாரத்தை வரவழைத்தது முதல் கம்பியில் ஏற்பட்ட மாற்றம். சும்மா ஓடிக்கொண்டிருப்பது யாரையும் அசைப்பதில்லை; மாறுகிறபோதுதான் தூண்டல். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வருடம் முழுக்கத் தள்ளுபடி என்று போர்டு வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘இன்றே கடைசி’ என்று எழுதினால் கூட்டம் வருகிறது.

வார்டில்

பிரசவ வார்டில் இதே சொல்லைத் தமிழ்ப் பெண்கள் தினமும் தங்கள் வழியில் சொல்கிறார்கள். ‘தேதி தாண்டிடுச்சு, வலி வர ஜெல் வெச்சிருக்காங்க.’ ‘வலி ஊசி போட்டுட்டாங்க.’ டாக்டரின் கேஸ் ஷீட்டில் அது ‘இண்டக்ஷன் ஆஃப் லேபர்’. ஊசியில் இருப்பது ஆக்ஸிடோசின். பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906இல் ஹென்றி டேல் காட்டினார். அதிலிருக்கும் ஆக்ஸிடோசினை 1953இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த ஹார்மோன் தாயின் உடலிலேயே சுரப்பது. வெளியிலிருந்து அதே பொருளைக் கொடுத்து, உடலுக்குத் தெரிந்த வேலையை உடலையே செய்ய வைக்கிறார்கள்.

ஆனால் ஊசி போட்டதும் வலி வந்தாக வேண்டும் என்பதில்லை. கர்ப்பப்பை வாய் பக்குவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா கெட்டியா, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் முறையை எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964இல் வெளியிட்டார். இன்றும் அது பிஷப் ஸ்கோர்தான். மதிப்பெண் குறைவாக இருந்தால் முதலில் பக்குவப்படுத்தத்தான் ஜெல். எல்லாம் செய்தும் பலிக்காவிட்டால் ‘ஃபெயில்ட் இண்டக்ஷன்’ என்று எழுதிவிட்டு அறுவைக்குப் போவார்கள். கவனியுங்கள்: பலிக்காதபோது வினைச்சொல்லைத் தனியாக விடுவதில்லை, ‘ஃபெயில்ட்’ என்று ஒரு காவலாளைப் போட்டே அனுப்புகிறார்கள்.

லேபிளில் வரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. ‘டூ நாட் இண்டியூஸ் வாமிட்டிங்’. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் கிராமங்களில் யாராவது எதையாவது குடித்துவிட்டால் சோப்புத் தண்ணீரையும் சாணக் கரைசலையும் வாயில் ஊற்றுகிறார்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைத்தால், வயிற்றோடு போயிருக்க வேண்டியது நுரையீரலுக்குள் இறங்கும். அமிலமானால் இறங்கும்போது சுட்டது ஏறும்போது இன்னொரு முறை சுடும். லேபிளில் ‘வாந்தியைத் தூண்டாதீர்’ என்று மட்டும் மொழிபெயர்த்திருந்தால் எத்தனை பேருக்குப் புரியும்? ‘வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்றால் யாருக்கும் புரியும்.

சட்டத்தின் கணக்கு

இப்போது வழக்கறிஞர்களின் வீட்டுக்கு வருவோம். மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் கொடுத்த தண்டனைச் சட்ட வரைவு, 1860இல் சட்டமானது, 1862 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 415ஆம் பிரிவு ஏமாற்றுதல் என்றால் என்ன என்று சொன்னது. அந்தக் காலத்துச் சட்ட வரைவாளர்கள் பிரிவுக்குக் கீழே குட்டிக் கதைகள் எழுதினார்கள். முதல் கதையே இன்றைய செய்தித்தாளில் வந்ததைப் போலிருக்கும்: ஒருவன் தான் சிவில் சர்வீஸில் இருப்பதாகப் பொய் சொல்லி, பணம் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் கடையில் கடனுக்குச் சரக்கு வாங்குகிறான். அப்போது சிவில் சர்வீஸ், இப்போது ஐ.ஏ.எஸ். என்று போலி அடையாள அட்டை. வேஷம் மாறவே இல்லை.

அதைவிட அருமையானது அவுரிக் கதை. அவுரிச்செடி தருகிறேன் என்று ஒருவன் முன்பணம் வாங்குகிறான். தருகிற எண்ணமே முதலில் இருந்து இல்லையென்றால் அது ஏமாற்று. வாங்கும்போது தருகிற எண்ணம் இருந்து, பிறகு தராமல் போனால்? அது வெறும் ஒப்பந்த மீறல். சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறது சட்டம். செடி வரவில்லை, பணமும் போனது; இரண்டு கதையிலும் நஷ்டம் ஒன்றுதான். வித்தியாசம் ஒரே ஒரு கணத்தில் இருக்கிறது. இண்டியூஸ் செய்த அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது? உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் இதையே மறுபடியும் அழுத்திச் சொன்னது: தூண்டிய நேரத்தில் இருந்த எண்ணம்தான் அளவுகோல். பின்னால் வாக்குத் தவறியதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஃபாரடேயின் ஊசியும் அந்தக் கணத்தில்தான் ஆடியது.

415ஆம் பிரிவு இன்னொரு சோதனையையும் வைத்தது. ஏமாற்றப்படாமல் இருந்திருந்தால் அவர் இதைச் செய்திருக்க மாட்டார் என்று இருக்க வேண்டும். 1872இன் ஒப்பந்தச் சட்டமும் 19ஆம் பிரிவின் விளக்கத்தில் இதே நேர்மையைக் காட்டுகிறது: ஒருவர் பொய் சொன்னார் என்பது மட்டும் போதாது, அந்தப் பொய்தான் சம்மதத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். ‘போர்வெல்லில் வற்றாத தண்ணீர்’ என்று நிலம் விற்பவர் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். வாங்கியவருக்கு அங்கே மனை போடுவதுதான் திட்டம், தண்ணீரைப் பற்றிக் கவலையே படவில்லை என்றால், அந்தப் பொய் அவரை அசைக்கவில்லை. பாத்திரம் சூடாகவில்லை.

லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. இந்தச் சொல்லுக்காகவே நடந்ததோ என்று எனக்குத் தோன்றும். ஜோஹன்னா வாக்னர் என்ற ஓபரா பாடகி. இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் அண்ணன் மகளாக வளர்ந்தவர். பெஞ்சமின் லம்லி என்பவரின் அரங்கில் மூன்று மாதம் பாட ஒப்பந்தம். போட்டி அரங்கமான காவெண்ட் கார்டனை நடத்திய ஃபிரெடரிக் கை கூடுதல் பணம் காட்டி அழைத்தார். லம்லி வழக்குத் தொடுத்தார். பாடகி வேறெங்கும் பாடக் கூடாது என்று 1852இல் தடை கிடைத்தது. அதோடு விடாமல் கை மீதும் வழக்குப் போட்டார்: ஒப்பந்தம் உன்னோடு இல்லை, ஆனால் அதை முறிக்க வைத்தது நீதானே? 1853இல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ஆம், அப்படி வழக்குத் தொடுக்கலாம் என்றனர். ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுவது என்ற தவறு அங்கிருந்து வேர்விட்டது.

எனக்குப் பிடித்தது மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கோல்ரிட்ஜ். அறிவுரை எங்கே முடிகிறது, இணக்குவது எங்கே தொடங்குகிறது, ஆசை காட்டுவது எங்கே என்று நீதிமன்றத்தில் கோடு போட முடியாது என்றார் அவர். சுதந்திரமான ஒரு மனிதரின் முடிவில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அடுத்தவர் புகுத்தியது என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டார். அவர் தோற்றார். ஆனாலும் அவருடைய கேள்வி ஒவ்வொரு இண்டியூஸ் வழக்கிலும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குற்ற ஒப்புதலிலும் இந்தச் சொல் உண்டு. 1872 சாட்சியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசைகாட்டலாலோ மிரட்டலாலோ வாக்குறுதியாலோ பிறந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. 2023இன் பாரதிய சாக்ஷிய அதினியமில் அது 22ஆம் பிரிவு, வற்புறுத்தலையும் சேர்த்திருக்கிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலுக்குத் தனித் தடை இருப்பதால் அதை விடுங்கள். கடையில் கல்லா குறைகிறது. புகார் கொடுக்கப் போகும் முதலாளி காசாளரைத் தனியே கூப்பிட்டு, ‘எடுத்தேன்னு ஒத்துக்கப்பா, போலீஸ் வரைக்கும் போகாம நான் பார்த்துக்கறேன்’ என்கிறார். அடிக்கவில்லை, அதட்டவில்லை, ‘அப்பா’ என்றுகூடக் கூப்பிடுகிறார். ஆனால் இது இண்டியூஸ்மெண்ட். அதே முதலாளி, ‘உண்மையச் சொல்லுப்பா, சாமி மன்னிக்கும்’ என்றால்? அது அந்தக் கணக்கில் வராது. சட்டம் பார்ப்பது இந்த உலகத்து லாப நஷ்டம், அதுவும் அந்த வழக்கைப் பற்றியது. சாமி தரும் சலுகை சட்டத்தின் எல்லைக்கு வெளியே.

தேர்தலில் கதை சற்று மாறுகிறது. 1951இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவில், வாக்களிக்கவோ வாக்களிக்காமல் இருக்கவோ ஒருவரை இண்டியூஸ் செய்யும் நோக்கத்தோடு வேட்பாளர் தரும் பரிசும் வாக்குறுதியும் லஞ்சம் என்கிறது. இங்கே நோக்கமே போதும். பணம் வாங்கியவர் மனசாட்சிப்படி வேறொருவருக்குப் போட்டுவிட்டாலும் கொடுத்தவர் தப்ப முடியாது. வெற்றியில் முடியும் வினைக்கு முன்னால் ‘நோக்கத்தோடு’ என்ற சொல்லைப் போட்டு அந்த வெற்றியைத் தேவையில்லாததாக்கிவிட்டார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முன்பே ரத்தானது பணப் பட்டுவாடாவால்தான்.

அப்படியானால் தேர்தல் அறிக்கையில் வரும் கலர் டிவியும் மிக்ஸியும் கிரைண்டரும்? 2006, 2011 தேர்தல்களின் வாக்குறுதிகளை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கட்சியின் அறிக்கையில் வரும் வாக்குறுதி 123ஆம் பிரிவின் ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் அது மக்களின் மனத்தில் செல்வாக்குச் செலுத்துகிறது என்பதை மறுக்க முடியாது, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும். 2022இல் இந்தக் கேள்வி மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கோல்ரிட்ஜின் கோடு நம் ரேஷன் கடை வரிசைக்குக் குறுக்கேயும் ஓடுகிறது.

தமிழில் எப்படிச் சொல்வது

இங்கே வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இனி வரும் பகுதி. இண்டியூஸ் என்றதும் நம் கை ‘தூண்டு’ என்று எழுதிவிடுகிறது. மின்சாரத்துக்கு மின்தூண்டல் நன்றாகவே பொருந்துகிறது. உடலுக்கு ‘வரவழை’ இருக்கிறது: தூக்கத்தை வரவழைக்கும் மருந்து, வலியை வரவழைத்தார்கள். சிக்கல் மனிதர்களிடம்தான்.

முதல் சிக்கல்: ‘தூண்டினேன், அவன் செய்யவில்லை’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். தூண்டு வெற்றியைச் சொல்வதில்லை, இண்டியூஸ் சொல்கிறது. இரண்டாவது இன்னும் பெரியது. தற்கொலைக்குத் தூண்டுதல், கலவரத்துக்குத் தூண்டுதல் என்று குற்ற உடந்தைக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம். அங்கே ஆங்கிலத்தில் இருப்பது ‘இன்ஸ்டிகேட்’. கலவரத்துக்குத் தூண்டப்பட்டவன் கல்லெறிந்தால் அவனும் குற்றவாளி. ஏமாற்று வழக்கில் தூண்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவர். குற்றம் நடக்காவிட்டாலும் உடந்தைக் குற்றம் முழுமையாகிவிடும். ஏமாற்றில் பணம் கைமாறாவிட்டால் அது முயற்சி மட்டுமே. ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் கல்லெறிந்தவனும் காசை இழந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாகிறது.

நம் போலீஸ் செய்திகளில் இதற்கு வேறொரு சொல் தானாகவே விளைந்திருக்கிறது: ‘ஆசை வார்த்தை கூறி’. பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதில் மரியாதை உண்டு. தூண்டு சொல்லாததை அது சொல்கிறது: கருவி என்ன என்பதை. ஆசை காட்டி ஒப்படைக்கச் செய்தான், நம்பவைத்துக் கையெழுத்துப் போடச் செய்தான் என்று எழுதினால் கருவி, வெற்றி இரண்டும் வந்துவிடும். நம் மொழியில் செய், வை என்ற துணைவினைகள் இதற்கென்றே நிற்கின்றன. ‘செய்’யிலிருந்து ‘செய்வி’, ‘படி’யிலிருந்து ‘படிப்பி’ என்று பிறவினை ஆக்கும் வி, பி விகுதிகளை நன்னூல் வகுத்து வைத்திருக்கிறது. கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் அந்தச் செய்திகளிடம் ஒரு குறையும் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன். 2012இல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, பணம் கட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. குஞ்சு தருவோம், கொட்டகை போட்டுத் தருவோம், மாதாமாதம் பணம் வரும் என்று வாக்குறுதி. விளம்பரத்தில் சினிமா நட்சத்திரங்கள். அப்போது ஊரெல்லாம் கேட்ட வாக்கியம் ‘பேராசையால் பணத்தை இழந்தார்கள்’ என்பது. இன்று ஆன்லைன் மோசடிச் செய்திகளிலும் அதே அமைப்புதான்: ஓய்வுபெற்ற ஆசிரியர் இழந்தார், ஐ.டி. ஊழியர் ஏமாந்தார். எழுவாய் யார் பாருங்கள். இழந்தவர். ஏமாற்றியவன் வாக்கியத்திலேயே இல்லை.

சட்டத்தின் வாக்கியத்தில் இண்டியூஸுக்கு எழுவாய் ஏமாற்றியவன், ஏமாந்தவர் செயப்படுபொருள். பணத்தை எடுத்துக் கொடுத்தது அவர் கை என்று தெரிந்தே சட்டம் அப்படி எழுதியிருக்கிறது. அவருக்கு ஆசை இருந்தது என்பதை அது மறுக்கவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதும், ஓய்வூதியத்தோடு மாதம் கொஞ்சம் சேர்ந்து வர வேண்டும் என்பதும் ஆசைதான், குற்றம் இல்லை. எந்த ஆசை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துப் பொய்யைத் தயாரித்தவனைத்தான் அந்த வினை சுட்டுகிறது.

ஆகவே ஒரு புகாரையோ செய்தியையோ தீர்ப்பையோ தமிழாக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதைக் காட்டினான்? காட்டிய நேரத்தில் அவன் மனத்தில் என்ன இருந்தது? காட்டாமல் இருந்திருந்தால் இவர் செய்திருப்பாரா? மூன்றுக்கும் விடை வாக்கியத்துக்குள் வரட்டும். வந்த பிறகு, எழுவாய் இடத்தில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.